ரோட்டைப் பாரு நைனா

எல்லப்பனின் பஸ்ஸில் ஏறும் பிள்ளைகள் அவரைப் பெரிய முருக பக்தர் என்று நினைத்திருந்தார்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல முடியாது. ஒரகடத்துக் கம்பெனியில் முதல் ஷிப்டு முடிந்து, அவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் திரும்பும்போது வழியில் வல்லக்கோட்டை கோயிலின் நுழைவு வளைவு வரும். அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் மனிதரின் இடது கை கியரை விட்டு எழுந்து நெஞ்சில் போய் உட்காரும். கண் இரண்டும் மூடிக்கொள்ளும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம்தான். அப்புறம் கண் திறக்கும், கை கியருக்கு வந்துவிடும், பஸ் அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

காலையில் போகும்போது இதெல்லாம் கிடையாது. அதற்கும் பிள்ளைகளே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். "போம்போது என்னத்தக் கேக்க? நல்லபடியா திரும்புனதுக்கு நன்றி சொல்லுதாரு" என்பாள் மாரிசெல்வி. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து பென்னலூரில் நாலு பெண்களோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவள் அவள். டிரைவருக்குப் பின்னால் இருக்கிற முதல் சீட்டு அவளுக்கே எழுதி வைத்த மாதிரி. அவர் நெஞ்சில் கை வைக்கும்போது அவளும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். அவளைப் பார்த்து அடுத்த சீட்டும் போட்டுக்கொள்ளும்.

எல்லப்பன் கேட்டும் கேளாதவர் மாதிரி இருந்துவிடுவார். அந்தக் கோயிலுக்குள் தான் காலடி வைத்தே ஒன்பது வருஷம் ஆகிறது என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆள் பென்னலூர்க்காரர். அப்பா சுப்பன் கல் குவாரியில் ஜல்லி உடைத்தவர். மகன் அதே குவாரியின் லாரியில் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கினார். அந்தக் காலத்தில் டிரைவராவதற்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் எல்லப்பனுக்குச் சிரிப்பு வந்துவிடும். பள்ளத்தில் நிற்கும் லோடு லாரியைப் பின்பக்கமாகவே மேட்டில் ஏற்றிக் காட்டினால் முடிந்தது, நீ டிரைவர். சீட் பெல்ட் இருந்த வண்டிகளில் அதன் மேல் ஈரத் துண்டைக் காயப் போடுவார்கள். விடிய விடிய ஓட்டினேன் என்பது பெருமை. கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேன் என்பது அதைவிடப் பெருமை. எல்லப்பனும் இந்தப் பெருமையெல்லாம் பேசித் திரிந்தவர்தான். டீக்கடையில் நாலு பேர் கேட்க, தொடையில் தட்டிப் பேசியிருக்கிறார்.

பிறகு சுற்றுவட்டாரம் முழுக்கக் கம்பெனிகள் வந்தன. ஆள் ஏற்றுகிற பஸ்களுக்கு டிரைவர் கிடைக்காமல் அலைந்தார்கள். ஒரு வேனை வைத்துக்கொண்டு தொழில் தொடங்கியிருந்த பரசுராமன் என்பவர், "கல்லு ஏத்தினது போதும், மனுஷன ஏத்துப்பா" என்று கூப்பிட்டார். எல்லப்பன் லாரியை விட்டு பஸ்ஸுக்கு வந்தார். பரசுராமன் பெரிய டிராவல்ஸ் முதலாளி ஆனார். எல்லப்பன் எல்லப்பனாகவே இருந்தார்.

அவருக்கு ஒரே பெண். கங்கா.

சின்ன வயசில் பள்ளிக்கூடம் இல்லாத நாளில், பஸ்ஸைக் கழுவ ஷெட்டுக்குக் கொண்டு போகும்போது அவளையும் ஏற்றிக்கொள்வார். டிரைவர் பக்கத்தில் இருக்கும் எஞ்சின் மூடி மேல் சாக்கை மடித்துப் போட்டு உட்கார வைப்பார். அவள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதில் அவருக்கு ஆசை தீராது. நொடிக்கொரு தரம் திரும்புவார். அவளோ ஒரு அதட்டல் போடுவாள்.

"நைனா, என்ன இன்னாத்துக்குப் பாக்கற? ரோட்ட பாரு!"

ஆறு வயசுப் பெண் அதட்டுவதில் என்ன சுகமோ, அதற்காகவே இன்னும் இரண்டு தரம் திரும்பிப் பார்ப்பார்.

அவள் டிப்ளமோ முடித்து ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைன் வேலைக்குப் போனாள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மாட்டாள். சாப்பிடும்போது குழம்பில் படாமல் முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொள்வாள். அப்பாவைத் திருத்துவதை அவள் விடவில்லை. "எங்க பிளான்ட்டுல பெல்ட் போடாத டிரைவர கேட்டுக்குள்ளயே வுட மாட்டாங்க. நீ மட்டும் அங்க வந்த, மானம் போயிடும் நைனா" என்பாள். எல்லப்பன் துண்டை எடுத்துவிட்டு பெல்ட்டை மாட்டியது அவளுக்குப் பயந்துதான்.

ஒரு கிருத்திகை அன்று ஷிப்டு முடிந்து வல்லக்கோட்டையில் இறங்கி, முருகனைக் கும்பிட்டுவிட்டு, ஊருக்குத் திரும்ப ரோட்டோரம் நின்றிருந்தாள். கோயிலில் கூட்டம், வளைவுக்குப் பக்கத்தில் நிற்க இடமில்லை. கொஞ்சம் தள்ளி, எதிர்ப்பக்கம் இருக்கும் ஒரு கம்பெனியின் நீலக் கேட்டுக்கு நேராக வந்து நின்றாள். ஒரு லோடு வேன் ரோட்டை விட்டு இறங்கி வந்து அவளை அடித்தது. எல்லப்பனுக்குத் தகவல் வந்து அவர் போய்ச் சேர்ந்தபோது செருப்பு ஒன்று இங்கேயும் ஒன்று அங்கேயுமாகக் கிடந்தது. விபூதிப் பொட்டலத்தை மட்டும் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள். அவளை அப்படிப் பார்த்த கண்ணை அவர் அதற்குப் பிறகு என்ன செய்தும் கழுவ முடியவில்லை.

கோர்ட்டில் அந்த வேன் டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னான். "ஒரே ஒரு செகண்டுதாங்கய்யா. போன் அடிச்சுது. யாருன்னு குனிஞ்சு பாத்தேன். நிமிந்தா அந்தப் பொண்ணு."

எல்லப்பன் எழுந்துவிட்டார். "ஒரு செகண்டா? என் பொண்ண கேட்டியாடா நீ அந்த ஒரு செகண்ட?" என்று கத்தினார். இரண்டு போலீஸ்காரர்கள் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்கள். அவனுக்கு என்ன தண்டனை ஆயிற்று என்பது கூட அவர் மனதில் நிற்கவில்லை. அந்த ஒரு செகண்டு நின்றது. அந்த வார்த்தையைச் சொன்னவன் மேல் அவருக்கு வந்த வெறுப்பு நாளுக்கு நாள் வளர்ந்ததே தவிரக் குறையவில்லை. குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் அவனைத் திட்டுவார். மகளுக்குத் தான் செய்ய வேண்டிய கடமை அது ஒன்றுதான் மிச்சம் என்பது போல விடாமல் திட்டினார்.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், அந்த வழியில் வண்டியை ஓட்டி வந்தார். வளைவு வந்தது. நீலக் கேட் தெரிந்தது. கண் தானாக மூடிக்கொண்டது. கை தானாக நெஞ்சுக்குப் போயிற்று. "வந்துட்டேம்மா" என்று உள்ளுக்குள் சொன்னார். கண்ணைத் திறந்தபோது இடம் பின்னால் போயிருந்தது. மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். காலையில் எதிர்ப்பக்கமாக, நீலக் கேட்டை ஒட்டிப் போகும்போது இருட்டாக இருக்கும், இந்தப் பக்கம் அவர் திரும்பவும் மாட்டார். மகளோடு தனியாக இருக்கிற நேரம் என்று அவருக்கு அந்த ஒரு மூச்சு நேரம்தான் வாய்த்திருந்தது. பஸ் முழுக்க ஆள் இருந்தால் என்ன, கண்ணை மூடினால் யாரும் இல்லை.

அவர் மனைவி செல்லம்மாள் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கம்பெனியில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போகிறாள். அது வேறு பக்கம். வல்லக்கோட்டை ரோட்டுப் பக்கமே அவள் வருவதில்லை. ஒரகடத்தில் தம்பி வீட்டு விசேஷம் என்றால்கூட வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு, இரண்டு பஸ் மாறித்தான் போவாள். ஆனால் மாதத்துக்கு ஒரு தரமாவது, சோறு போடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பாள்.

"அந்த எடம் இப்போ எப்டி கீது?"

"அப்டியேதான் கீது" என்பார் எல்லப்பன்.

அவளும் மேற்கொண்டு கேட்க மாட்டாள். தினமும் அந்த வழியே போய் வருகிற மனுஷன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

இந்த ஒன்பது வருஷத்தில் டிரைவர் வேலை தலைகீழாக மாறிப்போயிற்று. வண்டியை எடுக்கும் முன் குடிக்கவில்லை என்று குழாயில் ஊதிக் காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் கண் டாக்டர். வேகம் ஐம்பதைத் தாண்டாதபடி எஞ்சினுக்கே கடிவாளம். கனரக வண்டியெல்லாம் இடது லேனிலேயே போக வேண்டும். ஓட்டும்போது போனைத் தொட்டால் அன்றோடு சரி. மற்ற டிரைவர்கள் மூக்கால் அழுதார்கள். எல்லப்பன் ஒருவர்தான் ஒவ்வொரு விதி வரும்போதும், "இதெல்லாம் அப்பவே வந்திருக்கணும்" என்றார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். புது ஆட்கள் அவரைக் கம்பெனியின் ஆள் என்று கேலி செய்தார்கள். போன் அடித்தால் எடுக்காத டிரைவர், மஞ்சள் விளக்குக்கே நிறுத்துகிற டிரைவர் என்று அவருக்குப் பேர் ஆகிவிட்டது.

கடைசியாக வந்தது கேமரா. கண்ணாடிக்கு மேலே தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல ஒரு சின்னப் பெட்டி. அதன் ஒரு கண் ரோட்டைப் பார்க்கும், இன்னொரு கண் டிரைவர் முகத்தைப் பார்க்கும். டிரைவர் தூங்கினாலோ, வேறு பக்கம் திரும்பினாலோ கீச்சென்று கத்தும். கத்தினது கம்பெனியில் இருக்கும் பாதுகாப்பு அதிகாரிக்கும் போய்விடும். மூன்று முறை கத்தினால் வண்டியிலிருந்து இறக்கிப் பயிற்சிக்கு அனுப்புவார்கள். அதற்குப் பிறகும் கத்தினால் அந்தக் கம்பெனி வண்டியைத் தொடவே முடியாது.

"மூஞ்சியப் பாக்கதுக்கு நாம என்ன பொண்ணு மாப்பிள்ளையா அண்ணாச்சி?" என்று பொருமினான் தூத்துக்குடிக்காரன் தளவாய். முதலில் கூலிங் கிளாஸ் போட்டுப் பார்த்தான். கேமரா அதைத் தாண்டியும் கண்ணைப் பார்த்தது. அப்புறம் பெண்டாட்டியின் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைக் கொண்டுவந்து கேமராவின் கண்ணில் ஒட்டினான். வண்டி ஷெட்டை விட்டுக் கிளம்புவதற்குள் பாதுகாப்பு அதிகாரி ஜாஸ்மின் போனில் கூப்பிட்டு, "தளவாயண்ணா, கேமராவுக்கு வெச்ச பொட்ட எடுத்துடுங்க, அழகாதான் இருக்கு" என்றாள். ஷெட்டே சிரித்தது. எல்லப்பனும் சிரித்தார்.

அன்று மத்தியானமே அவருடைய கேமரா கத்தியது.

வளைவு தாண்டி, கண் மூடி, "வந்துட்டேம்மா" சொல்லி முடிப்பதற்குள் தலைக்கு மேல் கீச்சென்றது. திடுக்கிட்டு விழித்தார். மெஷினில் ஏதோ கோளாறு என்று பட்டது. தூங்கவில்லையே, போனைத் தொடவில்லையே. ஸ்ரீபெரும்புதூர் வந்து சேர்ந்த பிறகுதான் எது அதன் கண்ணில் பட்டது என்று புரிந்தது.

மறுநாள் கண்ணை மூடக்கூடாது என்று உறுதியாகத்தான் போனார். வளைவு வந்தது. நீலக் கேட் வந்தது. அவ்வளவுதான், அவர் உறுதியெல்லாம் எங்கே போயிற்றோ. மறுபடியும் கீச். ஜாஸ்மின் கூப்பிட்டாள். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்து வளர்ந்த பெண். தன் அப்பா வயசு டிரைவர்களிடம் சத்தம் போட்டுப் பேசத் தெரியாது, ஆனால் விட்டுக்கொடுக்கவும் தெரியாது. "எல்லப்பண்ணா, சாமி கும்புடணும்னா ஸ்டாப்ல வண்டிய நிறுத்திட்டு நல்லா கும்புடுங்க. ஓடறப்போ வேணாம். ப்ளீஸ்" என்றாள். "சரிம்மா" என்றார்.

ஒரு வாரம் ஓட்டினார். பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி, முன்னால் போகும் வண்டியின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு கடந்தார். அந்த ஒரு வாரமும் இரவில் சாப்பாடு இறங்கவில்லை. மகள் ரோட்டில் நின்று பார்க்க, தான் முகம் திருப்பிக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. எட்டாம் நாள் தாங்க முடியவில்லை. கண்ணை மூடினார். மூன்றாவது முறை.

ஷெட்டில் பெரிய ரகளை ஆகிவிட்டது. சாமி கும்பிட்டதற்கு வண்டியை விட்டு இறக்குவதா என்று டிரைவர்கள் கூடினார்கள். மாரிசெல்வி பஸ்ஸில் எல்லாரிடமும் பேசி, "எங்க அண்ணாச்சிதான் வேணும்" என்று சொல்லத் தயாராக இருந்தாள். முதலாளி பரசுராமன் நெற்றி நிறைய விபூதியோடு நின்று, "கண்ண தொறந்துகினு கும்புட்டா முருகரு இன்னா, ஏத்துக்க மாட்டேன்னா சொல்லப்போறாரு?" என்று இரண்டு பக்கமும் பேசினார். கூட்டத்தில் ஒருவன், அந்தப் பெண் வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், அவளுக்கு நம்ம சாமி ஆகாது என்று ஆரம்பித்தான்.

"டேய், வாய மூடு" என்றார் எல்லப்பன். அவர் அப்படிப் பேசி யாரும் கேட்டதில்லை. "அந்தப் பொண்ணு அது வேலைய செய்யுது. நான் சாமியும் கும்புடல, பூதமும் கும்புடல. எனக்காக எவனும் பேச வேணாம்."

கம்பெனிக்குக் கிளம்பி ஜாஸ்மினின் அறைக்குப் போனார்.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தாள். திட்டவில்லை. "ஒண்ணு காட்டறேன், பாருங்கண்ணா" என்று மட்டும் சொல்லிக் கம்ப்யூட்டரைத் திருப்பினாள். திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு படம். இடது பக்கம் அவர் முகம். வலது பக்கம் அதே நேரத்தில் அவருக்கு முன்னால் இருந்த ரோடு.

முகம் கண்ணை மூடியது. தன் முகத்தைக் கண் மூடிய நிலையில் எல்லப்பன் பார்த்ததே இல்லை. கிழவனாகிவிட்டோம் என்று தோன்றியது. அப்போதுதான் வலது பக்கம் பார்த்தார்.

ரோட்டோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். கழுத்தில் அடையாள அட்டை. தோளில் பை. தூரத்தில் வரும் பஸ் தன்னுடைய பஸ்தானா என்று பார்க்க ஒரு காலை ரோட்டில் எடுத்து வைத்து, கழுத்தை நீட்டினாள். இடது பக்கத்தில் எல்லப்பனின் கண் மூடியே இருந்தது. பஸ் நெருங்கியது. அந்தப் பெண் வெடுக்கென்று காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். துப்பட்டா காற்றில் பறந்தது. பஸ் அவளைக் கடந்தது. அதற்கு அப்புறம்தான் இடது பக்கத்துக் கண் திறந்தது.

"ரெண்டு செகண்டுண்ணா" என்றாள் ஜாஸ்மின் மெல்ல. "அம்பது ஸ்பீடுல ரெண்டு பஸ் நீளத்துக்கு மேல போயிருக்கீங்க, கண்ண மூடிக்கிட்டே. அந்தப் பொண்ணு நின்னது உங்களுக்குத் தெரியவே தெரியாது, இல்ல?"

எல்லப்பன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "இன்னொரு வாட்டி போடும்மா" என்றார். அவள் போட்டாள். அந்தப் பெண் மறுபடியும் காலை எடுத்து வைத்தாள், மறுபடியும் இழுத்துக்கொண்டாள். பின்னால், ரோட்டுக்கு அந்தப் பக்கம், நீலக் கேட் தெரிந்தது.

"அங்கதாம்மா என் பொண்ணு நின்னுகினு இருந்தா" என்றார்.

ஜாஸ்மினுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் திரையை அணைத்துவிட்டாள். அவள் கண் கலங்கியது, ஆனால் விதியைத் தளர்த்தவில்லை. தளர்த்தியிருந்தால் எல்லப்பனுக்கே அவள் மேல் மரியாதை போயிருக்கும்.

பயிற்சிக்குப் போனார். மகன் வயசுப் பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து பாடம் கேட்டார். பாடம் காதில் ஏறவில்லை. அந்த வேன் டிரைவர்தான் வந்து வந்து நின்றான். ஒரே ஒரு செகண்டுதாங்கய்யா. எல்லப்பன் அவனைத் திட்டுவதற்கு வாயெடுப்பார். வார்த்தை பாதியில் நின்றுவிடும். அவன் ஒரு செகண்டு போனைப் பார்த்தான், நீ இரண்டு செகண்டு எதைப் பார்த்தாய்? அவன் ஒரு நாள் செய்ததை நீ தினம் தினம் செய்தாய், அதுவும் அதே இடத்தில், பின்னால் பஸ் நிறைய பிள்ளைகளை வைத்துக்கொண்டு. கங்காவுக்கும் மாரிசெல்விக்கும் என்ன பெரிய வித்தியாசம்? அவன் வண்டிக்கு முன்னால் நின்றவள் செத்தாள், உன் வண்டிக்கு முன்னால் நின்றவள் காலை இழுத்துக்கொண்டாள். அது ஒன்றைத் தவிர அவனுக்கும் உனக்கும் என்னடா வித்தியாசம் என்று அவரே அவரைக் கேட்டுக்கொண்டார். அவனைத் திட்டுவதும் கைவிட்டுப் போனபோது, மகளுக்கென்று செய்ய எதுவுமே மிச்சம் இல்லாமல் போயிற்று. ஒன்பது வருஷத்துக்கு அப்புறம் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதார்.

அழுதுகொண்டிருக்கும்போதுதான் இன்னொன்றும் விளங்கியது. மகளைப் பார்ப்பதற்காகக் கண்ணை மூடுகிறோம் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தது பொய். அந்த இடத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல்தான் மூடினார். செல்லம்மாள் சுற்றிக்கொண்டு போனாள். இவர் கண்ணை மூடிக்கொண்டு போனார். அவளாவது அதை ஒளிக்கவில்லை.

பயிற்சி முடிந்து வண்டியைக் கொடுத்தார்கள். மத்தியானம் பிள்ளைகள் ஏறினார்கள். மாரிசெல்வி தன் சீட்டில் உட்கார்ந்து, "அண்ணாச்சி இல்லாம பஸ்ஸே பஸ் மாரி இல்ல" என்றாள். எல்லப்பன் பெல்ட்டை இழுத்து மாட்டினார். ஒரகடம் தாண்டியது. வளைவு வந்தது.

கை எழுந்தது. அதைக் கொண்டுபோய் ஸ்டியரிங்கில் வைத்து அழுத்திப் பிடித்தார். இமை துடித்தது. பஸ் போய்க்கொண்டே இருந்தது. பார், பார் என்று தன்னையே அதட்டினார். எஞ்சின் மூடி மேல் சாக்குப் போட்டு உட்கார்ந்திருந்த அந்தக் குரல்தான் அதட்டியது. நைனா, ரோட்ட பாரு.

பார்த்தார்.

நீலக் கேட் அதே இடத்தில் இருந்தது. அதற்கு நேராக, கங்கா நின்ற மண் இல்லை. மண்ணும் இல்லை, ஓரத்துப் புல்லும் இல்லை. கொஞ்ச வருஷத்துக்கு முன்னால் அங்கே ரோட்டை அகலப்படுத்தி இடது பக்கம் புதிதாக ஒரு லேன் போட்டார்கள். போட்டது அவருக்கும் தெரியும், போட்டதிலிருந்து அதில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறார். கனரக வண்டிக்கு இடது லேன் என்பது விதி. விதியை எல்லப்பன் மீறியதில்லை. அவள் விழுந்த இடம் அந்தத் தாருக்கு அடியில் இருந்தது. அதன் மேல்தான் தினமும் வண்டியை ஏற்றிக் கொண்டுபோயிருக்கிறார், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, வந்துட்டேம்மா என்று சொல்லிக்கொண்டு.

ஒதுங்கிப் போக வழி இல்லை. வலது பக்கம் டிரெய்லர் ஒன்று முந்தப் பார்த்து ஒட்டி வந்தது. இடது பக்கம் இரண்டு பெண்கள் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். எல்லப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி விடாமல், கண் இமைக்காமல், அந்த இடத்தின் மேல் பஸ்ஸை ஓட்டினார். சக்கரத்தில் ஒரு குலுக்கலும் இல்லை. நல்ல ரோடு. கேமரா சத்தம் போடவில்லை.

"என்ன அண்ணாச்சி, இன்னைக்குக் கும்புடலியா?" என்றாள் மாரிசெல்வி, பாதி கன்னத்தில் போட்டுக்கொண்டே.

"ரோட்ட பாக்கணும்மா" என்றார்.

அன்று இரவு செல்லம்மாள் சோறு போட்டாள். அவள் கேட்கவில்லை. எல்லப்பனாகவே சொன்னார்.

"அந்த எடத்த பாத்தேன்."

செல்லம்மாள் கரண்டியைக் குழம்புச் சட்டியில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "தெனம் பாக்கறதுதான?"

"இல்ல. இன்னிக்குதான் பாத்தேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். எதற்காக இத்தனை நாள் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை. "எப்டி கீது?" என்றாள்.

"அந்த எடம் இல்ல செல்லம்மா. ரோடாயிடுச்சி. பஸ்ஸு போற ரோடு. நான் அது மேலதான் போய்கினு கீறேன். வேற வழி கெடையாது."

தட்டில் சோறு ஆறியது. செல்லம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்க மட்டும் கொஞ்சம் மெதுவா போ" என்றாள்.

மறுநாளிலிருந்து எல்லப்பனின் பஸ் வல்லக்கோட்டை வளைவைத் தாண்டியதும் வேகம் குறைகிறது. பின்னால் வரும் வண்டிக்காரர்கள் ஹாரன் அடிக்கிறார்கள். கியரை இறக்கி, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க, கண்ணைத் திறந்துகொண்டு, நடந்து போகிற மாதிரி அந்த இடத்தைக் கடக்கிறார். மெதுவாகப் போவதை அந்தக் கேமரா குற்றமாக எடுத்துக்கொள்வதில்லை.